சட்டைப்பைத் துப்பாக்கியும் உட்லண்ட்ஸ் வீட்டுக் கேட்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் இரவு ஷிஃப்ட். உட்லண்ட்ஸ் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மனைவி, வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள். அண்மையில் இரண்டு முறை நள்ளிரவில் யாரோ கேட்டைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் வேலை பார்க்கும் மச்சான், "ரூகர் எல்சிபி என்று ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது, சட்டைப்பையில் அடங்கும், விலையும் அதிகமில்லை, நானே ஒன்று வாங்கப்போகிறேன்" என்கிறார். அதுபோல் ஒன்றை இங்கே உரிமம் எடுத்து வாங்க முடியுமா, எந்த மாடல் நல்லது என்று கேட்கிறீர்கள்.

முடியாது. விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசிக்க வேண்டாம். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சாதாரணக் குடியிருப்பாளருக்குச் சிங்கப்பூரில் வழி கிடையாது. போட்டிக்காகச் சுடுகிறவர்களுக்கு உரிமம் உண்டு. ஆனால் துப்பாக்கி கிளப்பின் ஆயுதக் கிடங்கில் பூட்டிக் கிடக்கும். பயிற்சிக்குப் போகும்போது கையெழுத்திட்டு வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நானும் அப்படிச் சுடுகிறவன்தான். என் பிஸ்டல் ஓல்ட் சுவா சூ காங் சாலைப் பக்கம் தூங்குகிறது, நான் என் வீட்டில் தூங்குகிறேன். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கிய மார்ட்டினா வெலோசோவைக் கொடுத்த ஊர்தான் இது. சுடுவதற்கு இங்கே இடம் உண்டு, வீட்டுக்குக் கொண்டுபோவதற்குத்தான் இல்லை.

தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை, செய்தவர்களுக்கு இதன் தீவிரம் தெரியும். ரேஞ்சில் சுட்டு முடிந்ததும் வரிசையில் நின்று, பையைத் தட்டிக் காட்டி, தோட்டாவோ காலி உறையோ என்னிடம் இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்ன பிறகுதான் லாரியில் ஏற விடுவார்கள். ஒரு காலி உறை குறைந்தால் மொத்தக் கும்பலும் புல்லில் குனிந்து தேட வேண்டியதுதான். காலி உறைக்கே அந்தப் பாடு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1973இல் வந்த ஆயுதக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருந்தால் கடத்தல் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஆயுள் தண்டனை அல்லது தூக்கு. ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால், சுட முயன்றால்கூட, தூக்கு. குண்டு யார் மேலும் படாமல் சுவரில் பட்டிருந்தாலும் அப்படித்தான். அந்த எண்ணம் இருந்தது என்று அரசாங்கம் நிரூபிக்கத் தேவையில்லை. இல்லை என்று சுட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் துப்பாக்கி ஏந்திய கொள்ளைக் கும்பல்கள் ஊரை ஆட்டிவைத்த காலத்தில் எழுதிய சட்டம் அது. இன்று வரை தளர்த்தவில்லை.

நீங்கள் கேட்கும் ரகத்துச் சின்னத் துப்பாக்கி இந்த ஊரில் ஒரு பெரிய வழக்கில் வந்திருக்கிறது. 2006 பிப்ரவரியில் 'ஒற்றைக்கண் டிராகன்' என்று பெயர் எடுத்த தான் சோர் ஜின், சிராங்கூனில் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார். கையில் இருந்தது .22 ரகச் சின்னத் தோட்டா போடும் பெரெட்டா பிஸ்டல். தானே தனக்காக வாதாடி, கை தவறிச் சுட்டுவிட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009 ஜனவரியில் தூக்கு.

துப்பாக்கிக்குப் பதிலாக வேறு எதையாவது வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் விசாரித்துவிட்டே கேளுங்கள். மிளகு ஸ்ப்ரே கூடாது. மின்னதிர்ச்சி தரும் கருவி கூடாது. பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட், ஜெல் குண்டு சுடும் ஜெல் பிளாஸ்டர் போன்ற 'பொம்மை'களை இணையத்தில் வரவழைத்துப் போலிஸ் விசாரணையில் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி வடிவத்தில் சிகரெட் லைட்டர் வருமே, அதைக்கூட நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஜொகூரில் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வரலாம் என்று காப்பிக்கடையில் ஒருவர் சொல்லுவார். மலேசியாவிலும் 1971 முதல் இதே மாதிரிக் கடுமையான சட்டம் இருக்கிறது, அதற்கு அப்புறம் கடற்பாலத்தில் இங்கத்திய சோதனை வேறு. கத்தியோ இரும்புக் கம்பியோ தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துக்கொண்டு நடந்தால் அதற்கும் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. அதனால் கேட் ஆடியதும் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் துரத்தும் வேலை வேண்டாம்.

சரி, உங்கள் மச்சான் விஷயம். அவர் இருக்கும் இடத்தில் சட்டம் வேறு, அதனால் அவருக்கு வேறு பதில். ஆனாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அவர் எந்த விசாவில் இருக்கிறார்? கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசா என்றால், டெக்சஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதையே தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதில் தான் வருகிறோமா என்று கடைக்காரரிடம் அல்ல, வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். நம் ஆட்கள் பலர் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார், சக ஊழியர் வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் தமக்கும் அது பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டரசுக் குற்றத்தில் மாட்டினால் விசா போகும், வேலை போகும்.

தகுதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வீட்டுக் காவலுக்கு எல்சிபி எனக்குப் பிடிக்காத தேர்வு. அது மோசமான பொருள் என்று சொல்லவில்லை. 2008இல் வந்தது, சுமார் 270 கிராம் எடை, ஏறக்குறைய 7 செ.மீ. குழல், மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் கூட்டில், 6 தோட்டா. நாள் முழுதும் கால்சட்டைப் பையில் கிடந்தாலும் வெளியே தெரியாது. அதற்காகவே செய்தது. மடக்குக் குடை கைப்பைக்கு வசதி, டிசம்பர் மழைக்குக் கஷ்டம் என்பது மாதிரி, மறைப்பதற்காகச் சுருக்கிய ஒவ்வொன்றும் சுடும்போது தொல்லை தருகிறது. வீட்டுக்குள் யாரிடமிருந்து மறைக்கப்போகிறார்?

அந்தத் தொல்லைகள் என்னென்ன என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இவை தெரியாது. முதலாவது உதைப்பு. ஒரே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் சுட்டால் கையில் அதிகமாக அடிக்கும். அரைக் கிலோ எடையுள்ள பிஸ்டலில் சாதுவாக இருக்கும் .380 ரகத் தோட்டா (எல்சிபியில் போடுவது), 270 கிராமில் உள்ளங்கையைக் கடிக்கும். பிடியும் குட்டை என்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. இதனால் இரண்டு மேகசின் சுட்டதும் புதியவர்கள் கீழே வைத்துவிடுவார்கள், பயிற்சி அதோடு நின்றுபோகும். சின்னத் துப்பாக்கி என்றால் பெண்களுக்கும் புதியவர்களுக்கும் எளிது என்று கடைக்காரர்களே சொல்வதுண்டு. உண்மை நேர்மாறு. மிகச் சின்னதை நன்றாகச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் பல வருடம் பெரியதைச் சுட்டவர்கள்.

இரண்டாவது குறி. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே இருக்கும் தூரம் குறையக் குறைய, கை சிறிது விலகினாலும் குண்டு பெரிதாக விலகும். எல்சிபியின் முதல் பதிப்பில் குறிகள் பெயருக்குத்தான் இருந்தன. அதோடு விரலால் இழுக்கும் விசையும் நீளம், கனம். நாங்கள் போட்டியில் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தபட்ச எடை 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம் என்று விதி. சட்டைப்பை ரகங்களில் பாதுகாப்புக்காக அதைப்போல் பல மடங்கு வைத்திருப்பார்கள். பதற்றத்தில் அதை இழுக்கும்போது மூக்கு கீழே சாயும். பழகிய எனக்கே சாயும்.

மூன்றாவது தோட்டா. உடலில் பட்டதும் விரிய வேண்டிய குழிமுனைத் தோட்டாவுக்கு ஒரு வேகம் தேவை. 7 செ.மீ. குழலில் அந்த வேகம் கிடைப்பது சந்தேகம். 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்த அளவுகோலின்படி, உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் சோதனை ஜெல்லியில் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 செ.மீ. துளைக்க வேண்டும். .380இல் விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரியாது என்கிற இழுபறி இருந்துகொண்டே இருக்கும். அதற்காக .380 ஆபத்தில்லாதது என்று யாரும் நினைக்கக்கூடாது. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்களை அது சுலபமாகத் துளைத்துவிடும், அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்குவார்கள். தோட்டா விலையும் பொதுவாக 9 மி.மீ.யைவிட .380க்கு அதிகம். துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணம் பயிற்சியில் போய்விடும், அல்லது பயிற்சியே நடக்காது.

அப்புறம் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேல் பின்னுக்கு நகரும் பகுதியை, இழுப்பது. வால்தர் பிபிகே மாதிரிப் பழைய வடிவமைப்பில், தோட்டாவின் அழுத்தத்தை ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும் மட்டுமே தாங்குகின்றன. அதனால் ஸ்பிரிங் முரடாக இருக்கும், வயதானவர்களால் இழுக்க முடியாது. எல்சிபியில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு பிரியும் அமைப்பு என்பதால் பரவாயில்லை, ஆனால் பிடித்து இழுக்கத்தான் இடமில்லை. கையில் வலு இல்லாதவர்களுக்காகவே 2018இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'ஷீல்டு ஈசி' என்று .380இல் ஒன்று கொண்டுவந்தது. உருவம் கொஞ்சம் பெரிது. அந்தப் பெரிதுதான் அதன் நல்ல குணம்.

எனவே உங்கள் மச்சான் கேட்டால் என் பதில்: கிளாக் 19 மாதிரி நடுத்தர அளவில் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று, நல்ல நிலையில் பழையதாக இருந்தாலும் சரி. அதில் விளக்குப் பொருத்தலாம், ஏனென்றால் யாரைச் சுடுகிறோம் என்று தெரியாமல் இருட்டில் சுட்டு வீட்டு ஆளையே கொன்ற செய்திகள் அங்கே புதிதில்லை. சின்னதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 2018இல் வந்த சிக் பி365. எல்சிபியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, 10 தோட்டா, கையில் உட்காரும். மிக மலிவானதைத் தொட வேண்டாம். துத்தநாகக் கலவையில் வார்த்த ரேவன் போன்ற குட்டித் துப்பாக்கிகள் ஒரு காலத்தில் அங்கே குவிந்தன. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் அளவு, எடை, பாதுகாப்பு அம்சம் என்று மதிப்பெண் போட்டு இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டில் செய்வதைத் தடுக்கவில்லை. பிபிகேயே அந்தப் பரீட்சையில் தோற்றுப்போய், கொஞ்சம் பெரிய உடலோடு பிபிகே/எஸ் என்று திரும்பி வந்தது. பழைய மலிவு ரகங்களில் சில, கீழே விழுந்தால் வெடிக்கும்.

இரும்புப் பெட்டி வாங்கும் பணத்தையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். விரல் வைத்தால் திறக்கும் பெட்டி, சுவரிலோ கட்டில் சட்டத்திலோ போல்ட் போட்டது. தலையணைக்கு அடியிலும் அலமாரியின் மேல்தட்டிலும் வைக்கக்கூடாது. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பது டெக்சஸிலேயே குற்றம்.

இனி உங்கள் கேட். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால், கேட்டை உலுக்கியது யார் என்று தெரியாமலே ஆயுதம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீடு புகுந்து திருடுகிறவன் சத்தம் போட மாட்டான். 2024இல் பழைய ரயில் பாதையான ரயில் காரிடார், புக்கிட் தீமா பக்கம் தனிவீடுகளில் நடந்த திருட்டுகளை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கும்பல், பின்னால் மரஞ்செடி அடர்ந்த வீடாகப் பார்த்து, ஆள் இல்லாத நேரத்தில் புகுந்தது. நாலு பேர் தூங்கும் வீவக வீட்டின் இரும்புக் கேட்டை நள்ளிரவில் ஆட்டுவதில் அவர்களுக்கு என்ன லாபம்? சத்தம் கேட்க வேண்டும் என்றே ஆட்டுகிறவர்கள் வேறு ரகம். குடித்துவிட்டுத் தளம் மாறி வந்தவர், மறதி நோயுள்ள பக்கத்து வீட்டு முதியவர், அல்லது கடன்முதலையின், அதாவது உரிமமில்லாமல் வட்டிக்கு விடுகிறவரின், ஆள்.

கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் சரிபார்க்கச் சொல்வேன். வீடு மறுவிற்பனையில் வாங்கியதா? முன்பு இருந்தவர் கடன் வாங்கிவிட்டு முகவரி மட்டும் விட்டுப் போயிருக்கலாம். அறை வாடகைக்கு விட்டிருந்தீர்களா? கேட்டின் வெளிப்பக்கம் சைக்கிள் பூட்டு தொங்கியதா, மின்தூக்கிப் பக்கச் சுவரிலோ மாடிப்படியிலோ உங்கள் வீட்டு எண்ணோடு 'ஓவ் மணி, பே மணி' (கடன்பட்டாய், பணம் கட்டு) என்ற கிறுக்கல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும் முன்னால் இப்படி ஆட்டிப் பயமுறுத்துவது உண்டு. கைப்பேசியில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினால்தான் அந்த ஆளுக்குக் கூலி, அநேகமாக அவனே கடன்பட்டு அந்த வேலைக்கு வந்தவனாக இருப்பான். அவனைச் சுட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? 1800-924-5664 என்ற எண் கடன்முதலைப் புகாருக்கென்றே இருக்கிறது. அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்திலும் நேரில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடனுக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்றால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி வருவார்கள்.

யார் என்று தெரிய கேமரா வேண்டும். 2023 மே முதல் தாழ்வாரத்தைப் பார்த்த கேமரா வைக்க நகர மன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை; எதிர் வீட்டுக் கதவையோ சன்னலையோ நோக்கி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் தெரிந்தால் உங்கள் கைப்பேசிக்கே செய்தி வரும் ரகமாகப் பாருங்கள். ஷிஃப்டில் உங்கள் தளத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாவிட்டால் மனைவியின் கைப்பேசியில் போட்டுக்கொடுங்கள். தாழ்வார விளக்கு எரியவில்லை என்றால் நகர மன்றத்துக்குச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கேட்டின் பூட்டு மலிவானது என்றால் கனமான ஒன்று வாங்குங்கள், ஆனால் சாவி உள்ளேயே, கேட்டுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத இடத்தில் தொங்க வேண்டும். தீ பிடித்தால் அம்மா இருட்டில் சாவி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கேட்டுக்கு வெளியே செருப்பு அலமாரி, பழைய செய்தித்தாள் கட்டு இருந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள். கடன்முதலை ஆட்கள் தீ வைப்பதும் உண்டு.

(இதற்கிடையில் அம்மாவின் கைப்பேசியையும் ஒரு கண் பாருங்கள். 2024இல் மட்டும் மோசடிகளில் இந்த ஊர் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கு மேல். அந்தத் திருடர்களுக்குக் கேட்டை ஆட்டத் தெரியாது.)

தற்காப்பு உரிமை இங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த நமது தண்டனைச் சட்டத்திலும் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை எழுதியிருக்கிறது. ஆபத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது, அதிகாரிகளை அழைக்க அவகாசம் இருந்தால் அழைக்க வேண்டும் என்பவை அதன் எல்லைகள். பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவன் ஆட்டினால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

அதனால் மறுமுறை கேட் ஆடினால் மனைவி செய்ய வேண்டியது: மரக்கதவைத் திறக்காமல், விளக்கைப் போட்டு, பிள்ளைகளையும் அம்மாவையும் உள் அறைக்குக் கொண்டுபோய் 999க்கு அழைப்பது. புளோக் எண், தளம், வீட்டு எண் மூன்றையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள், பதற்றத்தில் வாயில் வராது. பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, அவர்கள் எண்ணையும் மனைவியின் கைப்பேசியில் போட்டுவிடுங்கள். கேமரா பதிவில் ஆள் தெரிந்தால் அதை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விடாமல் நேராகப் போலிஸிடம் கொடுங்கள்.